கண்ணுக்குள்ளும் மச்சம் உண்டு

மேனியில் மச்சம் இருத்தலை யாவரும் அறிவோம். கண்ணின் உள்ளேயும் மச்சம் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியோம். நீரிழிவின் பொருட்டு விழித்திரையைப் படம் எடுக்குங்கால், “உள்ளே ஒரு கரும்புள்ளி தெரிகிறது” என்று மருத்துவர் கூறக் கேட்டுப் புற்றுநோயோ எனக் கலங்குவோர் உளர். நோவில்லை, பார்வையும் தெளிவாயிருக்கிறது என்று வாளாவிருப்போரும் உளர். இவ்விரண்டும் தகா.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உட்புறத்தைக் காட்டும் கருவியை 1851-ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே இத்தகைய புள்ளிகளை மருத்துவர் தெளிவாகக் காணலாயினர். பிறவியிலேயே அமைந்த, தட்டையான, விளிம்பு தெளிந்த கருந்திட்டு பெரும்பாலும் தீங்கற்றது. விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்தில் தோன்றும் மச்சமும் பெரும்பாலும் அத்தகையதே. ஆயினும் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருத்தல், அதன்மேல் ஆரஞ்சு நிறம் படர்தல், விழித்திரையின் அடியில் நீர் கோத்தல், பார்வை மங்குதல் ஆகியவை புற்றுநோய் ஐயத்தை எழுப்பும் குறிகளாம். அந்நோய் ஐரோப்பியரை நோக்க நம் நாட்டினரிடையே மிக அரிது. அரிதென்பதால் இல்லையென்று கொள்ளலாகாது.

ஒருமுறை பார்த்த அளவில் முடிவு கூற இயலாத புள்ளிகளும் உண்டு. அவை வளர்கின்றனவா, நின்றபடியே நிற்கின்றனவா என்பதைப் பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

இங்கேதான் நமக்கு ஓர் இடர்ப்பாடு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நம் குடும்பத்தார் ஒருமுறை திருவனந்தபுரத்து அரசு கண் மருத்துவமனைக்கும், ஊருக்குப் போனவிடத்து மறுமுறை திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்கின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வகுக்கப்பெற்ற எல்லையை நாம் நாள்தோறும் கடக்கிறோம். நம் மருத்துவக் குறிப்போ தானாக உடன் வருவதில்லை. முன்னைய படம் இன்மையால் புதிய மருத்துவர் முதலிலிருந்தே தொடங்க நேர்கிறது. புள்ளி வளர்ந்திருப்பினும் அவ்வளர்ச்சி அவருக்குப் புலப்படாது போகலாம்.

ஆகவே அன்பர்களே, விழித்திரைப் படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த நாளும், வலக்கண்ணா இடக்கண்ணா என்பதும் அதில் குறிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். ரேஷன் அட்டையைப் பேணுவது போல் அதனையும் பேணுங்கள். கைப்பேசியிலும் ஒரு படி இருக்கட்டும். மருத்துவர் குறித்த நாளில், நோவில்லையென்று தள்ளிப் போடாது, அப்படத்துடன் செல்லுங்கள்.