மருந்துப் பரீட்சையும் ஏழையின் உரிமையும்

ரத்தப் புற்றுநோயால் மரணத்தின் வாயிற்படிவரை சென்றவனைப் பிறர் அளிக்கும் ஸ்டெம் செல் என்னும் மூல அணுக்களால் மீட்கும் வைத்தியம், 1983-ல் பம்பாய் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியிலும் 1986-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் தொடங்கிற்று. தேசத்துக்கு இது பெருமையே. ஆயினும், பிழைத்தவர்களில் பலர் பின்னர் படும் அவஸ்தையை ஜனங்கள் அறியார். குடியேறிய அணுக்கள் தமக்கு இடங்கொடுத்த தேகத்தையே அன்னியமென்று கருதித் தாக்குகின்றன. தோல் இறுகுகிறது, கண்ணீர் வற்றுகிறது, வாய் புண்ணாகிறது, சுவாசம் குன்றுகிறது. இத்துன்பம் வருஷக் கணக்கில் நீடிப்பதுண்டு.

இதற்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. அதற்கு அடங்காத 329 நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்த பரீட்சையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. யாருக்கு எம்மருந்து என்பதைத் திருவுளச்சீட்டு முறையில் நிர்ணயித்தார்கள். ருக்ஸோலிடினிப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேர் 24-வது வாரத்தில் முழுமையாகவோ ஓரளவோ குணங் கண்டனர். வேறு மருந்து பெற்றவர்களில் 26 பேரே.

நம்மவரைப் பரீட்சைக்கு உட்படுத்தலாகாது என்பார் சிலர். பரீட்சையில்லாத வைத்தியம், கணக்கெழுதாத பரீட்சையேயாகும். ஆகையால் பரீட்சை வேண்டும். அதனுடன் நீதியும் வேண்டும். பரீட்சையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் அளிக்கவேண்டுமென 2019-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. வேறு மருந்தில்லாத நோயாளிக்கு, வைத்தியர் சிபாரிசும் தர்ம ஆலோசனைக் குழுவின் அனுமதியும் இருப்பின், பலன் தந்த மருந்தைப் பரீட்சை முடிந்த பின்னும் இலவசமாய்த் தரவேண்டும் என்றும் அவை விதிக்கின்றன.

நிற்க. மல்லாங்கிணற்றின் மானாவாரிக் குடியானவன் ஒருவனுக்கு இந்நோய் வந்தால் இவ்விதிகள் எங்ஙனம் எட்டும்? வேலூர் 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. இம்மருந்துகள் தேகத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை. சாதாரண ஜுரமும் ஆபத்தாகலாம். மழையை நம்பிப் பிழைப்பவன் ஒவ்வொரு ஜுரத்துக்கும் வேலூருக்கு ஓடவியலுமா?

அருகே விருதுநகரில் 2022-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்றுத் திரும்புவோரை அங்கேயே தொடர்ந்து பரிசோதிக்க ஏற்பாடு வேண்டும். சம்மதப் பத்திரம் குடியானவனுக்கு விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். மருந்தின் விலையையும் சர்க்கார் கட்டுக்குள் வைக்கவேண்டும். 2013-ல் கிளிவெக் வழக்கில் பேடெண்டை மறுத்து, மருந்துக் கம்பெனியின் பேராசைக்கு எல்லையுண்டு என ஸுப்ரீம் கோர்ட்டு காட்டியிருக்கிறது. ஏழையின் தேகம் பரீட்சைக்கு ஏற்றதாயின், பரீட்சையில் தேறிய மருந்துக்கும் அவன் உரியவனே. தேச ஊழியர்கள் இவ்வுரிமையைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்வார்களாக.