டவுன் ஹாலும் ஒரு டைப்பிஸ்டும்

கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள், எஸ்பிளனேடு பக்கம் போகும்போது ஹைகோர்ட்டுக்கு அருகே பெரிய தூண்களுடன் நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று கடந்து போகிறவர்களே அதிகம். அதுதான் கல்கத்தா டவுன் ஹால். சில காலம் அது ஆபீஸாகவும் இருந்தது என்பது உண்மையே.

லாட்டரி மூலம் திரட்டிய சுமார் 7 லட்ச ரூபாயில், கார்ஸ்டின் என்ற ராணுவப் பொறியாளர் 1813-ல் கட்டி முடித்த மண்டபம் இது. வெள்ளையர்கள் கூடிக் களிக்க எழுந்த இடம். ஆனால் மண்டபம் ஒன்றைக் கட்டிவிட்டால் அதில் யார் பேசுவது என்பது கட்டியவர்கள் கையில் இருப்பதில்லை. வங்கப் பிரிவினையை எதிர்த்து, அன்னியச் சரக்குகளைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் 1905 ஆகஸ்டு 7-ந் தேதி நிறைவேறியது இங்கேதான். அந்தச் சுதேசி அலை தெற்கே எட்ட அதிக நாளாகவில்லை. மறு ஆண்டே வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தாகூருக்கு நோபல் பரிசு கிடைக்கும் முன்பே, 1912-ல், அவருடைய ஐம்பதாண்டு நிறைவுக்குப் பாராட்டு விழா நடந்ததும் இம்மண்டபத்தில்தான்.

பிறகு சட்டசபை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரேஷன் இலாகா வந்தது. கடைசியில் இடித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது! கோர்ட்டு தலையிட்டதால் மண்டபம் பிழைத்தது. 1998-ல் அதைப் புதுப்பித்து, பின்னர் நகரின் வரலாற்றைச் சொல்லும் ‘கொல்கத்தா பனோரமா’ என்ற காட்சிக்கூடத்தை அமைத்தார்கள். பேசும் பொம்மைகளும் ஒளியும் ஒலியும் கூட்டத்தை இழுத்தன.

ஆனால் பொம்மைகளைவிட மதிப்புள்ளது அங்கே அமைந்த நூலகம். அதன் முக்கியமான சேகரிப்பு யாருடையது? 1955-ல் கேரளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த டைப்பிஸ்டு பி. தங்கப்பன் நாயருடையது. ஜமீன்தாருமல்ல, பேராசிரியருமல்ல. பவானிப்பூர் சந்து ஒன்றில் எளிய வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தெருத் தெருவாக நடந்து கல்கத்தாவைப் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். 2018-ல் ஊர் திரும்பி, 2024-ல் காலமானார். வங்காளிகளின் நகரத்துக்கு ஒரு தென்னாட்டுக் குமாஸ்தா ஞாபகசக்தியாக இருந்தார் என்றால் மிகையில்லை.

கார்டன் ரீச்சுக்கும் சொல்லிக்கொள்ள வரலாறு இல்லாமலில்லை. நாடிழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் வந்து, 1887-ல் மறைந்தது மட்டியாபுருஜில். 1873-ல் சூரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியதை நினைவூட்ட, சூரினாம் காட்டில், அதாவது அந்தப் படித்துறையில், 2015-ல் சிலை வைத்தார்கள். நவாபுக்கு இமாம்பாரா உண்டு. கூலிக்குச் சிலை உண்டு. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்த தென்னாட்டாரின் கதை எந்த அலமாரியில் இருக்கிறது?

ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார். பாத்திரம் பண்டம் லாரியில் ஏறுகிறது. சங்கத்தின் பழைய மினிட் புத்தகம், பொங்கல் விழா அழைப்பிதழ், 1960-களின் குரூப் போட்டோ எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன.