சிறு விமானங்களும் மின்திரைகளும்

ஆகாய விமானம் முகிலினுட் புகுங்கால் விமானியின் புலன்கள் அவனுக்குத் துணை செய்வதில்லை. விமானம் மெல்ல மெல்லச் சாயினும், உட்செவியிலுள்ள சமநிலை உணர்ச்சி அது நேரே செல்வதாகவே கூறும். ஆதலின் அவன் தன் உடலின் சாட்சியைத் தள்ளிக் கருவிகளின் சாட்சியையே கொள்ளக் கடவன். எனவே, அக்கருவிகள் எத்துணை நம்பத்தக்கவை என்னும் வினா உயிரைப் பற்றிய வினாவேயாகும்.

வேகம், உயரம், சாய்வு, திசை, திரும்பல், ஏற்றவிறக்கம் ஆகிய ஆறனையும் ஆறு வட்ட முகக் கருவிகள் தனித்தனியே காட்டுதல் பழைய முறை. 2003-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டுச் சிறு விமானங்களில் இவையனைத்தையும் ஒருங்கே காட்டும் மின்திரைகள் புகலாயின. 2006-ஆம் ஆண்டிற்குள், ஆங்குப் புதியனவாய்ச் செய்யப்பெற்ற சிறு பிஸ்டன் விமானங்களில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை இத்திரைகளையே தாங்கி வந்தன.

பழையனவெல்லாம் பழுதற்றவை என்பார் கூற்றை யாம் ஒப்புவதற்கில்லை. பழைய சாய்வுகாட்டியினுள் சுழலும் சக்கரம், பெரும்பாலும் எஞ்சினால் இயங்கும் காற்றுறிஞ்சும் பம்பினால் ஓடுவது. அப்பம்பு முன்னறிவிப்பின்றிக் கெடக்கூடும். கெட்டவுடன் சக்கரம் நின்றுவிடுவதில்லை. வேகங் குன்றிச் சிறிது சிறிதாகச் சாயும். அதனை மெய்யென நம்பிய விமானியும் விமானத்தைச் சாய்த்துவிடுவான். மின்திரையோ, தனக்கு வரும் செய்தி நம்பத்தகாததெனக் கண்டவிடத்து, அவ்விடத்தில் சிவந்த பெருக்கற்குறியிட்டு மறைத்துவிடும். தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் கருவி, பொய்யுரைக்குங் கருவியினும் மேலானதன்றோ?

எனினும் இதற்கும் குறையுண்டு. ஆறு கருவிகளுள் ஒன்று கெடின் ஐந்து எஞ்சும். திரையொன்று இருளின் பல செய்திகள் ஒருங்கே மறையும். மேலும், வேகத்தை அறிவிக்கும் பிட்டோ குழாயைப் பனிக்கட்டியோ பூச்சியோ அடைத்துவிடின், திரையும் அப்பொய்யினையே தெளிந்த இலக்கங்களில் காட்டக்கூடும். எழுத்தின் அழகு செய்தியின் உண்மைக்குச் சான்றாகாது.

அமெரிக்க நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2002 முதல் 2006 வரை செய்யப்பெற்ற 8,000-க்கு மேற்பட்ட சிறு விமானங்களை ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் தன் முடிபை வெளியிட்டது. மின்திரை விமானங்கள் அடைந்த விபத்துக்களின் மொத்த வீதம் குறைவாயிருந்தது. உயிர்ச்சேதம் விளைத்த விபத்துக்களின் வீதமோ மிகுதியாயிருந்தது. இதுகொண்டு திரைகளே கொன்றன என்று கூறுதல் நேர்மையன்று. அவ்விமானங்கள் நெடுந்தூரப் பயணங்களுக்கும், முகில் சூழ்ந்த காலத்துப் பறத்தற்கும் மிகுதியாகப் பயன்பட்டன. பழைய முறையினவோ பயிற்சிக்கே மிகுதியும் உதவின. ஆயினும், எதிர்பார்த்த பாதுகாப்பைத் திரைகள் தாமே கொணரவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஆகவே எமது கருத்து இது. திரையைப் பழித்துப் பழைமைக்கு மீள வேண்டுவதில்லை. திரையை வாங்கியதோடு கடமை முடிந்ததென எண்ணுதலும் கூடாது. ஒவ்வொரு விமானியும் தான் ஓட்டும் விமானத்தின் திரை எவ்வெவ்வாறு கெடும் என்பதைத் தரையிலுள்ள பயிற்சிக் கருவியில் பலமுறை கண்டு பழகுதல் வேண்டும். துணைக்கருவி எதுவாயினும், அது முதற்றிரையின் மின்வழியைச் சாராது தனித்து நிற்றல் வேண்டும். திரை எச்செய்தியை எவ்வுணர்கருவியினின்று பெறுகின்றது என்பதைச் செய்வோர் கைந்நூலில் மறையாது விளக்குதல் வேண்டும்.

இவற்றிற்குச் செலவு மிகும் என்பர் ஒரு சாரார். திரைக்கே பெரும்பொருள் கொடுப்பவர், அதன் குணத்தை அறிதற்குச் சிறுபொருள் கொடுக்கத் தயங்குதல் அறிவுடைமையாகாது. கருவி நம்பத்தக்கதாதல் செய்தவன் கையில் உள்ளது; அதனை எவ்வளவு நம்பலாம் என்று அறிதல் விமானியின் கல்வியில் உள்ளது. இவ்விரண்டனுள் எது குறையினும் இழப்பு உயிரேயாகும்.