கேட்கும் உரிமை காப்போம்!

வாசகத் தோழரே!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்றோர் ஊர் உண்டு. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். மழை வந்தால் விளைச்சல், வராவிட்டால் வறட்சி என்று வானத்தையே நம்பி வாழும் வட்டாரம் அது. தறி ஓட்டிப் பிழைப்போரும், பீடி சுற்றிப் பிழைப்போரும் சுற்றிலும் ஏராளம். அங்கிருந்து டில்லிப் பட்டணம் சாலை வழியே 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

அத்தனை தொலைவிலுள்ள பாராளுமன்றத்தின் வரலாறும் மரபும் இந்த ஊராருக்கு எதற்கு என்று கேட்போர் இருக்கக்கூடும். பருத்தி ஏற்றுமதிக்கு என்ன கொள்கை, பீடிக்கு என்ன வரி, எந்த ரயில் எந்த ஊரில் நிற்கும் என்பனவெல்லாம் டில்லியில் முடிவாகின்றன. முடிவு எடுப்பவர் அங்கே; முடிவின் பலனைச் சுமப்பவர் இங்கே. இவ்விருவரையும் இணைக்கும் பாலம் ஒன்றே ஒன்றுதான். ‘ஏன் இப்படிச் செய்தீர்?’ என்று நம் சார்பில் ஒருவர் எழுந்து கேட்பதும், ஆளுகிறவர் எழுந்து விடை சொல்வதுமே அந்தப் பாலம். பாராளுமன்றம் என்பதன் உயிர்நிலை அதுவே.

கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சங்கரன்கோவிலுக்கு அணித்தே உள்ள நெற்கட்டும்செவலில், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ‘எதற்காகக் கப்பம்?’ என்று வாளேந்தி நின்றவன் பூலித்தேவன். வாளேந்திக் கேட்ட அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டின் துணைகொண்டு கேட்பதற்கு வழிசெய்வதே மக்களாட்சி.

அந்த வழி எளிதில் கிடைத்துவிடவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டசபைகளில், உறுப்பினர்க்குக் கேள்வி கேட்கும் உரிமையே கிடையாது. அரசு வைத்த மசோதாவுக்குத் தலையாட்டுவதே அவர்கள் வேலை. 1892-இல் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம் என்றனர். ஆனால் சொல்லப்பட்ட விடையைத் துருவித் துணைக்கேள்வி கேட்கக்கூடாது என்றனர். 1909-இல், மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்று கதவைச் சற்றே திறந்தனர். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே, அவையிலுள்ள எவரும் துணைக்கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே ஓடிய ஆண்டுகள் எத்தனை என்பதை எண்ணிப் பாருங்கள்!

1927 சனவரி 18-இல் டில்லியில் வட்ட வடிவ மாளிகையை இர்வின் பிரபு திறந்துவைத்தார். வெள்ளையர் எழுப்பிய அந்த மாளிகைக்குள்ளேயே வெள்ளையர் ஆட்சியைத் திணறடித்தவர் தமிழகத்துத் தீரர் சத்தியமூர்த்தி. 1935 முதல் மத்திய சட்டசபையில் அமர்ந்த அவர், கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாலே ஆட்சித் தரப்பினர் கலங்கினர் என்று அந்நாளில் பேசப்பட்டது. அவர் காங்கிரஸ்காரர், நம் கொள்கைக்கு மாறுபட்டவர். ஆயினும் ஆள் பலமோ அதிகார பலமோ இன்றி, கையில் ஒரு வினாத்தாளோடு ஒரு சாம்ராஜ்யத்தை விடை சொல்ல வைத்தாரே, அந்த ஆற்றலை மறுப்பார் யார்?

விடுதலை வந்தது, 1952 மே 13-இல் முதல் மக்களவை கூடியது. வினா விடைக்கென்று நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. வாய்மொழியாக விடை சொல்லத்தக்கவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டனர். நட்சத்திரம் இடப்பட்ட வினாவென்றால், அமைச்சர் எழுந்து நின்றே தீரவேண்டும். துணைக்கேள்விகளையும் தாங்கியே தீரவேண்டும். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அமர்ந்துவிட முடியாது. அமைச்சரின் அறிவும் நேர்மையும் உரைத்துப் பார்க்கப்படும் உரைகல் அது.

அந்த உரைகல்லைத் தொடக்க நாள் ஆட்சியினர் எப்படிப் போற்றினர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1951-இல், முதல் பொதுத்தேர்தலுக்கு முன்பே, முட்கல் என்ற உறுப்பினர், மும்பைத் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவர்களுக்காகச் சபையில் செயல்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் ஆளுங்கட்சிக்காரர். என்றாலும் விசாரணைக்குழு அமைத்து, அவரை வெளியேற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் நேருவே. கேள்வி விற்பனைச் சரக்கன்று என்று அன்று எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பே, 2005 டிசம்பரில் பணம் வாங்கிக் கேள்வி கேட்க முன்வந்த 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டபோதும் முன்னுதாரணமாக நின்றது.

1954 டிசம்பர் 18-இல் அவைத்தலைவர் மவ்லங்கரை நீக்கக்கோரும் தீர்மானம் எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. ஆளுங்கட்சிக்கு அசைக்கமுடியாத பெரும்பான்மை இருந்தது. ஆயினும் நேரு, இது கட்சிக் கட்டளைக்கு உரிய விஷயமன்று, தம் கட்சியினர் தம் மனம்போல் வாக்களிக்கலாம் என்றே கூறினார். தீர்மானம் தோற்றது, மரபு வென்றது.

அடுத்து வந்ததோ அதனினும் கடுமையான சோதனை. 1957-இல், ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற வணிகரின் கம்பெனிகளில் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாயைப் போட்டது ஏன் என்ற கேள்வி மக்களவையில் எழுந்தது. அதைத் துருவித் துருவிக் கேட்டவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். அதோடு பிரதமரின் மருமகன்! நீதிபதி சாக்ளா தலைமையில் வெளிப்படையான விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒரு கேள்வி ஓர் அமைச்சரின் நாற்காலியை அசைத்தது. ஆட்சி கவிழவில்லை, ஆட்சியின் மீதிருந்த நம்பிக்கை உயர்ந்தது.

1962 மே முதல் நாள், மாநிலங்களவையில் நம் அறிஞர் அண்ணா எழுந்தார். திராவிட இனத்தைச் சார்ந்தவன் நான் என்று முழங்கினார். அந்த அவையின் மிகப் பெரும்பாலோருக்குக் கசப்பான கொள்கையை எடுத்துரைத்தார். குறுக்கீடுகள் எழுந்தன. எனினும் அவர் பேசினார், அவை கேட்டது. 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தபோதும், அதை எதிர்க்கும் தம் வாதத்தை அதே அவையில் நின்று எடுத்துவைத்தார். நேருவின் ஆட்சியை நாம் எதிர்த்தோம். அவரது மொழிக் கொள்கையை எதிர்த்தோம். தெருவிலும் எதிர்த்தோம், மன்றத்திலும் எதிர்த்தோம். ஆனால் எதிர்ப்புக் குரலுக்கு இடம் தந்த அந்த மரபை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சகம். மாற்றானிடம் உள்ள மாண்பையும் மதிக்கவேண்டும் என்பதே அண்ணா நமக்குக் கற்பித்த பாடம்.

அன்றைய மரபு அவ்வாறு. பின்னாளில் அது அடைந்த நிலை என்ன?

முதல் மக்களவை தன் ஆயுட்காலத்தில் 677 நாள் அமர்ந்தது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 274 நாள் அமர்ந்தது. அமரும் நாள் குறைந்தால் கேட்கும் நாளும் குறையும். கேட்கும் நாள் குறைந்தால் விடை சொல்லும் கடமையும் குறையும். துணை அவைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 93-ஆவது பிரிவு. தமிழகத்து ஜி. லட்சுமணனும் தம்பிதுரையும் அமர்ந்த நாற்காலி அது. பதினேழாவது மக்களவையின் ஐந்தாண்டும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி, கேள்வி நேரமே இல்லாத கூட்டத்தொடர் நடந்தது. 1962-இல் சீனப் படையெடுப்பின்போதும் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டதே என்பர். உண்மைதான். ஆனால் அந்நாளில் எல்லைப் போர் குறித்து அவையில் விரிவான விவாதம் நடந்தது. 160-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினர். 2020-இல் நடந்ததோ வேறு. செப்டம்பர் 20-இல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. எண்ணி வாக்கெடுக்கவேண்டும் என்று நம் திருச்சி சிவா உள்ளிட்டோர் கோரினர். குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மன்றத்தில் கேட்கவிடாத கேள்வியை உழவர்கள் டில்லி எல்லையில், குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து கேட்டனர். 2021-இல் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. மன்றத்தின் வாயிலை அடைத்தால் கேள்வி மடிவதில்லை, தெருவுக்கு வருகிறது.

2023 மே 28-இல் புதிய மாளிகை திறக்கப்பட்டது. மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள். தமிழகத்துத் திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடைய செங்கோலும் அங்கே வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 13-இல், அந்த மண்டபத்துக்குள் வெளியார் இருவர் குதித்துப் புகை பரப்பினர். பாதுகாப்பு எங்கே தவறியது, உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தரவேண்டும் என்றனர் எதிர்க்கட்சியினர். அந்தக் கூட்டத்தொடரில் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். முதல் பட்டியலில், அன்று அவைக்கே வராத நம் சேலம் உறுப்பினர் பார்த்திபன் பெயரும் இருந்தது. ஆள் தெரியாமல் நேர்ந்தது என்று கூறிப் பின்னர் நீக்கினர். இடைநீக்கம் பெற்றோர் தந்திருந்த வினாக்களும் பட்டியலிலிருந்து மறைந்தன. அந்த வெற்று இருக்கைகளுக்கு நடுவே, நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றி எழுதப்பட்டன. செங்கோல் வளைந்தால் எடுத்துச்சொல்ல நாவு வேண்டாமா? நாவை அடக்கிவிட்டு நடுவிலே செங்கோலை நாட்டுவதால் நீதி நிலைத்துவிடுமா?

கூச்சலிட்டு அவையை முடக்குவோர் எதிர்க்கட்சியினர்தாமே என்று ஆளுந்தரப்பு கேட்கிறது. அதற்கும் நேர்மையாக விடை சொல்வோம். நியாயமான கோரிக்கை மறுக்கப்படும்போது எழும் முழக்கம் வேறு. கேள்வி நேரத்தை நாள்தோறும் அமளியில் மூழ்கடிப்பது வேறு. பின்னதை எந்தத் தரப்பு செய்தாலும் ஆதாயம் அமைச்சருக்கே. பதில் இல்லாத அமைச்சர் வேண்டுவது அமளியைத்தானே? ஆகவே நம் தரப்பினர்க்கும் சொல்கிறோம்: உங்கள் கையிலுள்ள கூரிய கருவி வினாத்தாள். அதைத் துருப்பிடிக்க விடாதீர்!

தொகுதி மறுவரையறை பற்றித் தமிழகம் கவலை கொண்டிருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. மக்கட்பெருக்கத்தின் கணக்கைக் காட்டி 1967-இல் நம் இடங்களை 41-இலிருந்து 39 ஆகக் குறைத்த கதையை நாம் மறக்கவில்லை. எண்ணிக்கைக்காகப் போராடுவோம். ஆனால் எழுந்து கேட்கும் உரிமை இல்லையேல், 39 ஆனால் என்ன, 59 ஆனால் என்ன? வாயடைக்கப்பட்ட ஐம்பது பேரைவிட, வாய் திறக்கும் ஒருவர் மேல்!

பனை உடனே பலன் தரும் மரமன்று. வடலி வளர்ந்து காய்க்க ஆண்டுகள் பலவாகும். நட்டவர் ஒருவர், உண்பவர் வேறொருவர். வெட்டுவதற்கோ அரை நாள் போதும். பாராளுமன்ற மரபும் அத்தகையதே. காப்பது யார்? அரசியல் சட்டத்தின் எழுத்து மட்டும் காக்காது. அவைத்தலைவரின் மணியும் காக்காது. வாக்களிப்பவர் விழித்திருந்தால்தான் காக்கமுடியும்.

எனவே, வாசகத் தோழரே, வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள். ‘எங்கள் தறிக்காக, எங்கள் நிலத்துக்காக, எங்கள் ரயிலுக்காக மன்றத்தில் எத்தனை வினா எழுப்பினீர்? என்ன விடை பெற்றீர்? விடை பொய்யென்றால் அடுத்து என்ன செய்தீர்?’ கேள்விகளும் விடைகளும் அச்சேறி, யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. ஊர்ப் படிப்பகத்தில் அவற்றை எடுத்துவைத்து உரக்கப் படியுங்கள். நம் கட்சிக்காரராயினும் விட்டுவிடாதீர்கள். நம்மவரிடம் கேட்கத் தயங்குவோருக்கு, மாற்றாரிடம் கேட்கும் தகுதி வாராது.

பனவடலிசத்திரத்தில் கேள்வி எழுந்தால்தான் டில்லியில் அது ஒலிக்கும். இங்கே நாம் ஊமையானால், அங்கே ஆளுவோர் செவிடராவர்.

கேட்போம்! விடை வரும்வரை கேட்போம்!