உருக்கு நம்முடையது, செய்முறை யாருடையது?

2025ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாதிரிகளுள் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று அதில் கணிக்கப்பட்டிருந்தது. செய்தி வந்த அன்றே நம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் குவிந்தன. உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன் என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் அதைப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காலக்கணிப்பைப் பற்றி ஆய்வாளர்கள் விவாதித்து வருகிறார்கள். அது அவர்கள் வேலை. என்னை உறுத்தியது வேறொன்று. பகிர்ந்தவர்களில் ஒருவர்கூட, “சரி, அதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்கவில்லை.

பொறியியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி வகுப்பறையிலேயே எழுந்திருந்தது. எஃகு பற்றிய பாடத்தில் ‘ஊட்ஸ்’ என்ற சொல் திரையில் வந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட பழைய எஃகு என்று ஒரு வரி. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். நூலகத்தில் தேடிய பிறகுதான் கதை கொஞ்சம் தெரிந்தது. 1794ஆம் ஆண்டு பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்த எஃகின் மாதிரிகளை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அந்தக் கட்டுரையோடு ‘ஊட்ஸ்’ என்ற பெயர் ஐரோப்பாவில் நிலைத்தது. அதன் மூலம் கன்னட, தெலுங்கு ‘உக்கு’ என்பார்கள். தமிழ் ‘உருக்கு’ என்பாரும் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம், சண்டை வேண்டாம்.

செய்முறைக்கு வருவோம். சுத்தமான இரும்பு 1,538 பாகை வெப்பத்தில்தான் உருகும். பழைய காலத்து மண் உலையில் அவ்வளவு சூடு வராது. எனவே தாதுவிலிருந்து கிடைப்பது உருகாத இரும்புக் கட்டி. அதை அடித்து அடித்துக் கசடு நீக்கினால் தேனிரும்பு. வளையும், ஆனால் கூர் நிற்காது. கூர் நிற்க வேண்டுமானால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கார்பன் ஏற வேண்டும். சேலம் வட்டாரக் கொல்லர்கள் அதற்குச் செய்தது இதுதான்: மூசை எனப்படும் சிறு மண்கலத்தில் தேனிரும்புத் துண்டுகளைப் போட்டு, அதனோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கி வைத்து, மேலே ஓரிரண்டு எருக்கிலையைப் போர்த்தி, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கித் துருத்தி ஊதினால், சுமார் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. உள்ளே மரமும் இலையும் கருகிக் கார்பனாகி இரும்புக்குள் ஏறுகின்றன. கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. கடைசியில் உருகாத இரும்பு உருகிவிடுகிறது. வாய் அடைபட்டிருப்பதால் வெளிக்காற்று புகுந்து கார்பனை எரித்துவிட முடியாது. ஆறிய பிறகு கலத்தை உடைத்து, உள்ளிருக்கும் வில்லையின் மேல்முகத்தைப் பார்ப்பார்கள். நடுவிலிருந்து கதிர்போலக் கோடுகள் ஓடியிருந்தால் நன்றாக உருகியது. தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தால் சரியாக உருகவில்லை.

ஆவாரம், எருக்கு. தோட்டத்துக் கோயிலில் பாட்டிமார் பெயர் சொல்லும் செடிகள். அவை ஓர் உலோகவியல் செய்முறையின் மூலப்பொருள்கள் என்பதை இருபது வயது வரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த விவரங்கள் நமக்குக் கிடைத்தது எந்தத் தமிழ் ஏட்டிலிருந்தும் அன்று. 1800, 1801ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பயணம் செய்த புக்கானன் போன்றவர்களும், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரும் நேரில் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி வைத்ததால் கிடைத்தவை. இந்த ஹீத் சற்று நின்று பார்க்க வேண்டிய மனிதர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பணியில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. கம்பெனி கடனும் கொடுத்தது, தனியுரிமையும் கொடுத்தது. ஆலை வணிகத்தில் தோற்றது. ஆனால் அவர் அங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஷெஃபீல்டு நகரத்தில் இரும்புப் பட்டைகளைக் கரியில் புதைத்துப் பல நாள் சூடேற்றி, பிறகு மீண்டும் மூசையிலிட்டு உருக்கினார்கள். அதே வேலையைச் சேலத்துக் கொல்லர் ஒரே கலத்தில் இரண்டரை மணி நேரத்தில் முடிப்பது எப்படி என்று யோசித்தார். டேவிட் முஷெட் 1800இலும், மழைச்சட்டைக்குப் பெயர் கொடுத்த மேக்கின்டாஷ் 1825இலும் எஃகு செய்ய இங்கிலாந்தில் தனித்தனியே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அந்த இரண்டின் தத்துவமும் இந்தச் சிறு மண்கலத்துக்குள் சேர்ந்தே இருக்கிறது என்று ஹீத் எழுதினார்.

1839இல் ஷெஃபீல்டில் ஹீத் வேறொரு காப்புரிமை பெற்றார். மூசையில் எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த ஒரு கலவையைச் சிறிது இட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்பது அது. உற்பத்தியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அந்தக் கலவையை முன்கூட்டியே செய்யாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசைக்குள் போட்டார்கள். கலவை உள்ளேயே உருவானது. காப்புரிமை வாசகத்தில் அது இல்லை. ஹீத் வழக்காடிக்கொண்டே 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கு எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைக்கூடக் கவனமாக எழுத வேண்டும் போலிருக்கிறது.

இனி இரயிலுக்குப் போகலாம். மாங்கனீசு இல்லாமல் இன்றைய தண்டவாளம் இல்லை. 1856இல் ஹென்றி பெஸ்ஸிமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதி, சுமார் இருபது நிமிடத்தில் டன் கணக்கில் எஃகு செய்யும் முறையை அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் அவரிடம் உரிமம் வாங்கியவர்கள் செய்த எஃகு, சூடாக அடிக்கும்போதே பிளந்தது. ஊதிய காற்றின் ஆக்சிஜன் உலோகத்தில் தங்கிவிட்டது; கந்தகமும் பாஸ்பரசும் வேறு. டேவிட் முஷெட்டின் மகன் ராபர்ட் முஷெட், மாங்கனீசு கலந்த ஒருவகை வார்ப்பிரும்பைக் கடைசியில் சேர்த்தார். மாங்கனீசு ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடித்துக்கொண்டது, எஃகு பிளக்கவில்லை. (பாஸ்பரசுச் சிக்கல் தாமஸும் கில்கிறிஸ்டும் 1878 வாக்கில் தீர்க்கும்வரை இருந்தது.) 1857இல் முஷெட்டின் எஃகால் செய்த தண்டவாளம் ஒன்று டார்பி நிலையத்தில் போடப்பட்டது. அதே இடத்தில் இரும்புத் தண்டவாளம் ஆறு மாதம்கூடத் தாங்காமல் மாற்றப்பட்டு வந்தது. எஃகுத் தண்டவாளம் 1873இலும் அங்கேயே கிடந்தது. 1882இல் ராபர்ட் ஹேட்ஃபீல்டு மாங்கனீசை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் ஏற்றிப் பார்த்தார். அடிக்க அடிக்க இறுகும் விந்தையான எஃகு கிடைத்தது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் சந்திப்புகளில், சக்கரம் துள்ளி அறையும் இடத்தில், உலகெங்கும் இந்த எஃகு பயன்படுகிறது. காந்தம் வைத்தால் ஒட்டாது. இதே ஹேட்ஃபீல்டுதான் இலங்கையின் பழைய எஃகையும் தில்லி இரும்புத் தூணையும் ஆராய்ந்தவர்.

நம் மேடைகளில் ஒருவர் எழுந்து, “வெள்ளைக்காரன் நம் எஃகைத் திருடிக்கொண்டான்” என்பார், கைத்தட்டல் விழும். நான் அப்படி நினைக்கவில்லை. மைக்கேல் ஃபாரடேயே கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து ஊட்ஸை ஆராய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியம்தான் காரணம் என்று தவறாக நினைத்தார். திருடினால் இப்படித் திணற வேண்டியதில்லை. அழித்தார்கள் என்றால் ஒப்புக்கொள்வேன். மலிவான இறக்குமதி எஃகும், மரக்கரிக்கான காட்டின்மேல் விழுந்த சட்டங்களும் சேலத்து உலைகளை அணைத்தன. ஆனால் உலை அணைந்தபோது செய்முறையும் ஏன் அணைந்தது? அது கொல்லரின் கையிலும் கண்ணிலும் மட்டுமே இருந்தது. நம் புலவர்கள் வாளைப் பாடினார்கள். மூசையைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. கொல்லனும் புலவனும் ஒரே திண்ணையில் உட்காராத சமுதாயம் நம்முடையது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 1990களில் சாரதா சீனிவாசன் மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகளைக் கண்டெடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருந்தது. சொல்லி வைத்திருந்தால் ஓட்டாஞ்சில்லைக் கேட்க வேண்டியதில்லை.

இது சேலத்தோடு முடிந்த கதையாக இருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மலாயாவின் முதல் இரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடியது. கெடாவின் பாதை 1915இல் அலோர் ஸ்டார் வரையும், 1918இல் எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரையும் எட்டியது. எங்கள் பெண்டாங் மாவட்டத்தில் அது கோபா வழியாகப் போகிறது. இந்தப் பாதைகளைப் போட்டுப் பராமரித்தவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பது நம் குடும்பங்களுக்கே தெரியும். ஆனால் நம் எழுத்தில் தண்டவாளம் என்றால் வியர்வை, கண்ணீர், சாவு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நான் மதிக்கிறேன். அந்தத் துயரம் எழுதப்பட்டே ஆக வேண்டும். என் குறை, அவர்களுக்குத் தெரிந்திருந்த தொழில் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதுதான். உழைத்தார்கள் என்று எழுதுகிறோம். எதை அறிந்து உழைத்தார்கள் என்று எழுதுவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் இரயில்வே கேங்கில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “கம்பிய சுத்தியல்ல தட்டுனா நல்லதா இருந்தா பாடும் தம்பி. உள்ள வெடிப்பு இருந்தா இருமும்” என்றார். தரையோடு தலையைத் தாழ்த்தித் தண்டவாளத்தின்மேல் கண்ணை ஓட்டி, ஒரு விரல் கடை விலகலைக்கூட எப்படிப் பிடிப்பார்கள் என்று காட்டினார். பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே விட்ட இடைவெளி பற்றியும் சொன்னார். காலையில் தெரியும் இடைவெளி நடுப்பகலில் மூடிக்கொள்ளும். இடைவெளி குறைவாக விட்டால் வெயிலில் பாதை பாம்புபோல நெளியும். அதிகமாக விட்டால் முனை சிதையும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 பாகை சூடேறினால் ஒரு கிலோமீட்டர் எஃகு சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். அவர் எந்தக் கணக்கும் போடவில்லை. எந்த மாதம் எவ்வளவு விட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் மின்மய இரட்டைப் பாதை வந்த பிறகு அந்த இடைவெளிகள் இல்லை. துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுகிறார்கள். நீள முயலும் தண்டவாளத்தைக் கான்கிரீட் கட்டைகளும் கவ்விகளும் கருங்கல் சல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் 2015 முதல் ஓடும் ஈ.டி.எஸ். வண்டியில் பழைய தடக் தடக் ஓசை கேட்பதில்லை. விரிசலை மீயொலிக் கருவி கண்டுபிடிக்கிறது. நல்லதுதான், காதைவிடக் கருவி துல்லியம். சுத்தியல் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் மீயொலிக் கருவியும் அந்தத் தாத்தாவின் சுத்தியலும் கேட்பது ஒன்றையேதான்: எஃகுக்குள் ஒலி எப்படிப் போகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்பதை. இதைத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு அந்தத் தாத்தாவின் வாய்மொழியில் சொன்னால் அவனுக்கு ஒலியியல் ஒரே நாளில் புரியும்.

சொல்லத்தான் சொல் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் நான் இரும்பு என்று எழுதினேன். இடைநிலைப்பள்ளியில் இரும்பு ‘பெசி’ ஆயிற்று, எஃகு ‘கெலுலி’ ஆயிற்று. இங்கே வந்த பின் எல்லாம் ஆங்கிலம். தேனிரும்பு, வார்ப்பிரும்பு, மூசை என்ற சொற்களை நான் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதன்முறையாக ஒன்றாக எழுதுகிறேன். மூன்று மொழியில் படித்ததில் எனக்கு நட்டமில்லை. ஆனால் ஒரு மொழியில் பெருமையும் மற்ற இரண்டில் அறிவும் என்று பிரித்து வைத்துக்கொண்டது யாருடைய ஏற்பாடு என்று தெரியவில்லை.

நம் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, கவியரங்கம் நடத்துகிறது, நாடகம் போடுகிறது. நடக்கட்டும். அவற்றோடு, வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரு தொழிலாளியைச் சந்தித்து ஒரு மணி நேரம் பதிவுசெய்து வர வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். இரயில் கேங், ஆலைக் கொதிகலன், புகைக்கூண்டு, பட்டறை, எதுவானாலும் சரி. கைப்பேசி போதும். வாழ்க்கை வரலாறு கேட்க வேண்டாம். அதைத்தான் எப்போதும் கேட்கிறோம். எந்தச் சுத்தியல், எத்தனை கட்டி எடை, எங்கே தட்டுவீர்கள், கருவிக்கு நீங்கள் வைத்த பெயர் என்ன, புதிதாக வந்தவனுக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். முன்னாள் மாணவர்களில் பொறியியலாளர்கள் பலர் இருக்கிறார்கள். பதிவுகளைப் பார்த்து விளக்கம் எழுத அவர்கள் உதவலாம்.

முதல் பதிவுக்கு என்னோடு வர ஒருவர் தேவை. கொமுட்டர் இரயிலில் கோபாவில் இறங்கினால் தாத்தா வீடு பக்கம்தான். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். இப்போது காது கொஞ்சம் மந்தம். உரக்கப் பேச வேண்டும்.