எக்காலத்தில், எந்நாட்டில் பிறக்க விரும்புவீர்?

கடந்த தவணையில் ஒருநாள் பத்தாந்தர மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும்பொருட்டு ஒரு வினாவை விடுத்தேன். "உலக வரலாற்றில் எக்காலத்தில், எவ்விடத்தில் பிறந்து வாழ விரும்புவீர்?" என்பதே அவ்வினா. மாங்குளத்துப் பிள்ளைகள் சிறிதும் தயங்கினாரல்லர். ஒருவன் பெரிக்கிளீசு காலத்து ஏதென்சு நகரைக் கேட்டான். இருவர் இராசராசன் காலத்துத் தஞ்சையை விரும்பினர். ஒருத்தி யவனர் கலங்கள் வந்தணைந்த காவிரிப்பூம்பட்டினத்தைத் தெரிந்துகொண்டாள். பண்டார வன்னியனின் படையிற் சேர்ந்து 1803 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கப் போவதாக ஒருவன் உரைத்தபோது வகுப்பு முழுவதும் கைதட்டியது. இறுதியாகப் பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அங்கே நான் யாராகப் பிறப்பேன் என்று சொன்னால்தானே விடை எழுதலாம்?" என்றாள்.

அன்று யான் விடை கூறவில்லை. பாடம் முடியும் மணி என்னைக் காத்தது. ஆயினும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது அதனையே பொருளாகக் கொண்டேன். விழாக் காலங்களிற் பழம்பெருமை பேசுதல் நம்மனோர்க்கு இயல்பு. அப்பெருமையை எவ்வாறு பேசுதல் தகும் என்பதை ஆராய்வதற்கு அம்மாணவியின் வினா ஒரு நல்ல உரைகல்லாகும்.

முதலில் ஏதென்சு நகரை நோக்குவோம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அந்நகர் உலகிற்கு அளித்த செல்வங்கள் பல. பார்த்தினன் கோயிலும், சோபக்கிளீசின் நாடகங்களும், சோக்கிரதரின் உரையாடல்களும் அங்கே தோன்றின. குடிமக்கள் பினிக்சுக் குன்றிலே கூடிப் போரையும் சமாதானத்தையும் தாமே தீர்மானித்தனர். ஆனால், அக்குன்றிற் பெண்களுக்கு இடமில்லை. அடிமைகளுக்கும் பிறநாட்டிலிருந்து வந்து குடியிருந்தோர்க்கும் இடமில்லை. ஏதென்சின் கடற்படைக்குப் பொருள் தந்த லோரியன் வெள்ளிச் சுரங்கங்களில் மாய்ந்து உழைத்தோர் அடிமைகளே. அந்திகோனி என்னும் பெண்ணின் அஞ்சாமையைச் சோபக்கிளீசு நாடகமாக்கினார். மேடையில் அப்பாத்திரத்தை ஏற்றவனோ ஓர் ஆண்மகன். கி.மு. 430 இற் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டு பெரிக்கிளீசையே அது பலிகொண்டது. எம் மாணவி அங்கே பிறந்திருப்பின் வரலாற்றில் அவளுக்கு ஒரு சொல்லும் கிடைத்திராது.

இனித் தஞ்சைக்கு வருவோம். தமிழாசிரியன் ஒருவன் தஞ்சையின் புகழைக் குறைத்துக் கூறுவான் என எவரும் அஞ்சவேண்டியதில்லை. 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசன் 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த பெருங்கோயிலை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நிமிர்கின்றது. விளக்குக்கு நெய் அளித்தோரையும் கல்லிற் பொறித்த அரசன் அவன். ஆயினும் அக்கல்வெட்டுகளையே படித்துப் பார்மின். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்கள் எவ்வெவ் வூர்த் தளிகளிலிருந்து கொணரப்பட்டனர் என்பதும் அவற்றில் உள. அவர்தம் விருப்பம் வினவப்பட்டதா என்பது கல்லில் இல்லை. ஈழத்து ஊர்கள் சில அக்கோயிலுக்கு ஆண்டுதோறும் நெல்லும் காசும் அனுப்பக் கடமைப்பட்டிருந்தன என்பதும் அங்கேயே உளது. ஆகவே, "இராசராசன் காலத்திற் பிறப்பேன்" என்று கூறும் ஈழத்து மாணவன், தஞ்சையிற் பிறப்பானா, தஞ்சைக்கு இறை செலுத்திய ஊரிற் பிறப்பானா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சோழ நாட்டிலே எனக்கு மிக உவப்பான இடம் தஞ்சையன்று, உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர்க் காரியம் பார்ப்பதற்கு வாரியங்கள் அமைத்தனர்; அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் உறவினரும் மீண்டும் தெரிவு செய்யப்படலாகாது என்று விதித்தனர். இன்றைய எச்சபைக்கும் ஏற்ற விதியன்றோ இது! எனினும், அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்தம் சபை. ஏரியின் நீரைப் பாய்ச்சி வயலில் இறங்கி உழுதவனுடைய பெயர் குடத்துள் இடப்படவில்லை.

பண்டார வன்னியனை விரும்பிய மாணவனை யான் கடிந்துகொள்ளவில்லை. 1803 ஓகத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய அவ்வீரன், அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் டிரிபேர்க்கின் படையாற் சூழப்பட்டுத் தோல்வியுற்றான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்வோர் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் அவ்விடத்தை நினைந்து தலைவணங்குதல் முறையே. ஆனால் அவன் படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரும், அவன் வீழ்ந்த பின்னரும் இம்மண்ணில் மக்களை வாழச் செய்தது யாது? இவ்வினாவே என்னை எனது விருப்பமான காலத்துக்கும் இடத்துக்கும் இட்டுச் செல்கின்றது. அது பழைய வன்னி. குளங்களைத் தொட்டு வாழ்ந்த வன்னி.

இதனை யான் நூலிற் படித்து அறிந்தவனல்லன். இக்கல்லூரியின் நூலகத்திலிருந்து யான் கற்றவை யாவும் பிறநாட்டுப் பெருமைகளே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நீங்கிய பெருந்திரளில் யானும் ஒரு மாணவனாயிருந்தேன். கிளாலிக் கடலைக் கடந்து எம் குடும்பம் வன்னி வந்து சேர்ந்தது. கிணற்று நீரையன்றி வேறொன்றறியாத யான், அம்மாரியில் முதன்முறையாக ஒரு குளக்கட்டின்மேல் ஏறி நின்றேன். ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர். மறுபுறம் பச்சை வயல். எமக்கு அன்று கஞ்சி வார்த்த வீட்டுக்காரரின் நெல் அவ்வயலில் விளைந்தது. அக்குளத்தைக் கட்டியவர் யாரென அம்முதியவரை வினவினேன். "ஆர் கட்டினதோ தெரியாது தம்பி. கட்டைக் காக்கிறதுதான் எங்கட வேலை" என்றார்.

குளம் என்பது மழைநீர் தேங்கிய பள்ளமன்று. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீரும் வயலிற் கழிந்த நீரும் கீழ்க்குளத்தை அடையும்வண்ணம் நிலத்தின் சரிவை அளந்து தொடராக அமைத்தனர். பெருங்குளங்களின் துருசருகே, நீரின் விசையை அடக்கி அளவாக விடுதற்குக் கல்லாற் சதுரக் கிணறு கட்டினர். சிங்களத்தில் 'பிசோகொட்டுவ' எனப்படும் அவ்வமைப்பை, நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட தமது நூலிலே பெரிதும் வியந்துரைத்தார். மாங்குளத்துக்கு மேற்கே வவுனிக்குளமும், கிழக்கே முத்தையன்கட்டும் அப்பழைய அறிவின்மீதே இருபதாம் நூற்றாண்டில் மீளத் திருத்தப்பட்டன. நீர்நிலை பெருக்குவதே அரசனுக்கு அழியாப் புகழென்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றிலே உரைத்த அறிவுரையை வகுப்பிற் பயிற்றும்போது, சாளரத்துக்கு வெளியே அதற்கு உரை விரிந்து கிடக்கின்றது.

அன்றியும், சிறுபோகத்தில் நீர் போதாதவிடத்து, வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அதனை யாவரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் வறள் வலயத்தில் இன்றும் உண்டு. இல்லாமையையும் பங்கிட்டுக்கொள்ளக் கற்ற மக்களை நாகரிகமடைந்தோர் என்னாது வேறென் சொல்வது?

ஆயினும் அம்மாணவியின் வினாவை எனது விருப்பத்தின்மீதும் விடுத்தலே நேர்மை. பழைய வன்னியில் அவள் யாராகப் பிறந்திருப்பாள்? கட்டுக்கு மண் சுமந்தோருட் பலர் இராசகாரியத்தால் ஏவப்பட்டோர். வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்தனர். உயிரைப் பணயம் வைத்து அவற்றைப் பிடித்தோர் பெயர் நாமறியோம். சாதிக் கட்டுப்பாடும் காட்டுக் காய்ச்சலும் அங்கே இருந்தன. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது நன்றே. ஆனால் ஏவல் ஒழிந்தபோது, குளம் காக்கும் பொதுக்கடமையும் பல ஊர்களில் உடன் தளர்ந்தது. 1856 இல் ஆளுநர் வாட் காலத்தில் நீர்ப்பாசனச் சட்டமியற்றிப் பழைய ஊர் வழக்கங்களை மீட்க முயலவேண்டியதாயிற்று. ஏவலின்றிப் பொதுக்கடமையை ஆற்றுவதெவ்வாறு என்னும் வினாவை அக்காலம் தீர்க்காமலே நம்மிடம் விட்டுச் சென்றது.

எனவே எனது துணிபு இது. குறையற்ற பொற்காலம் எந்நாட்டிலும் இருந்ததில்லை. நாம் ஒரு காலத்தை விரும்புதல், அங்கே சென்று ஒளிந்துகொள்வதற்கன்று. அக்காலத்தார் தொடங்கி முடிக்காது விட்ட நற்பணி யாதென அறிந்து அதனைத் தொடர்வதற்கே. ஏதென்சு மன்றத்தைத் தொடங்கியது. பெண்ணுக்கும் அடிமைக்கும் அதன் கதவைத் திறந்தவர் பிற்காலத்தோர். உத்தரமேரூர் கணக்குக் கேட்டது. உழுதவனும் கணக்குக் கேட்கும் உரிமை பின்னரே வந்தது. நாம் பற்றவேண்டிய பெருமை இத்தகையதே. பழங்கல் ஒன்று வெளிப்பட்டவுடன் அது எவருடையது என்று வழக்காடும் பெருமையால் ஒரு வயலும் விளையாது.

இவ்விடத்துப் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். 2009 வரை நீடித்த போரிலும், மீண்டும் மீண்டும் நேர்ந்த இடப்பெயர்விலும் வன்னி ஊர்களின் உறுதிகளும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் குறைகின்றது. எந்த ஆண்டு எக்குளம் உடைத்தது, யார் கூடி அடைத்தனர், துருசுக்கும் வாய்க்காலுக்கும் எப்பெயர் வழங்கிற்று, பொங்கல் வைத்த மரம் எது என்பவற்றை ஒவ்வொரு பாடசாலை மாணவரும் தத்தம் ஊரில் வினவி எழுதுதல் வேண்டும். எம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் அவற்றைத் தொகுத்து நூலாக்க முன்வருமாயின், கட்டடம் ஒன்று எழுப்புதலினும் அது குறைந்த பணியாகாது.

எனது வகுப்பில் இம்முயற்சி தொடங்கிவிட்டது. வினா விடுத்த அம்மாணவி தன் பாட்டியாரிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கங்களை என்னிடம் தந்தாள். குளக்கட்டு உடைத்த இரவிலே மண்மூடை சுமந்த பெண்கள் பன்னிருவரின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறாத அப்பெயர்களுக்கு இவளுடைய கொப்பியில் இடம் கிடைத்துவிட்டது. எக்காலத்திற் பிறக்க விரும்புகிறாய் என்று அவளை யான் மீண்டும் வினவவில்லை.