ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

மேட்டூரில் காலை எட்டு மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் நகராட்சித் தொடக்கப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும்.

உள்ளே என்ன இல்லை? காலையில் பொங்கலோ கிச்சடியோ சுடச்சுட. 2022-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். மதியம் சாப்பாடு, முட்டை. புத்தகம், சீருடை, பை எல்லாமே இலவசம். (முட்டை நாமக்கல் முட்டைதான். பிள்ளைகளையும் கூண்டில் வைத்து வளர்க்கலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே நாமக்கல்தான். அதை இன்னொரு வாரம் பேசுவோம்.)

அப்புறம் ஏன் வேன்? 'ஜனங்களுக்கு இங்கிலீஷ் மோகம்' என்று மேடையில் திட்டுவது சுலபம். இங்கிலீஷ் மீடியம் 2012 வாக்கிலேயே அரசுப் பள்ளிக்குள்ளும் வந்தாச்சே! அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர் வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுகிறார் என்றால், அவருக்குக் கணக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. அவர் கேட்பது ஒண்ணே ஒண்ணு: 'எம் புள்ள வகுப்புக்குன்னு ஒரு டீச்சர் இருக்காங்களா?'

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்போ அஞ்சு! ஒருத்தர் மீட்டிங், பதிவேடு, செல்போன் ஆப் என்று போய்விட்டால் இன்னொருத்தர் அஞ்சையும் மேய்க்க வேண்டும். பாடம் நடக்காது. பிள்ளைகள் விலகும். தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். மறுபடி பிள்ளைகள் விலகும். 'பாருங்க, யாருமே சேர மாட்டேங்கறாங்க' என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள்.

அதே சட்டம்தான் தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, பணத்தை அரசே தரச் சொல்கிறது. தன் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளையை அடுத்த பள்ளிக்கு அனுப்பிவைக்க, அரசாங்கமே டிக்கெட் எடுத்துத் தருகிற வினோதம்!

எல்.கே.ஜி. சமாசாரமும் உண்டு. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் ஆரம்பித்தார்கள். மற்ற இடங்களில் அஞ்சு வயசில்தானே கதவு திறக்கிறது? அதற்குள் ரெண்டு வருஷம் வேனில் போய்ப் பழகிய பிள்ளையை எந்த அம்மா இறக்கிக் கூட்டி வருவாள்?

2011-ல் பக்கத்து ஈரோட்டில் கலெக்டராக இருந்த ஆனந்தகுமார், தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். பத்திரிகைகள் கொண்டாடின. நல்ல மனுஷர். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கலெக்டர் பிள்ளைக்கு நாம் எங்கே போவது?

தலையை எண்ணாமல் வகுப்பை எண்ணி டீச்சர் போடுங்கள். மேட்டூரில் ஒரே ஒரு நகராட்சிப் பள்ளியில், அஞ்சு வகுப்புக்கு அஞ்சு பேர், கக்கூஸ் கழுவ ஒரு ஆள் என்று மூணு வருஷம் நடத்திக் காட்டுங்கள். அதற்கப்புறம் எங்க ஊர் அப்பா அம்மாக்களின் மோகத்தைப் பற்றிப் பேசலாம்.